தள்ளுவது காற்றுதான்: ஒரு பழைய ஜீப்பின் வேக்குவம் குழாய்கள்

1987 முதல் 1995 வரை விற்பனையான ஜீப் ரேங்ளர் ஒய்ஜே வண்டியை அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் ஆசையாகப் பராமரித்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். சதுர ஹெட்லைட் வைத்த ஒரே ரேங்ளர் அதுதான். முதலில் கனடாவின் பிராம்ப்டனிலும் கடைசிச் சில ஆண்டுகள் ஒஹையோ மாநிலத்தின் டொலீடோவிலும் அது தயாரானது. அந்த வண்டிக்கு ஒரு பழைய வியாதி உண்டு. பனியிலோ சேற்றிலோ மாட்டிக்கொண்டதும் ஓட்டுபவர் ஃபோர்வீல் லீவரைப் போடுவார். லீவர் தடங்கலில்லாமல் விழும். ஆனால் டேஷ்போர்டில் ஃபோர்வீல் விளக்கு எரியாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைக்கும். முன்சக்கரங்கள் இரண்டும் அசையாது.

கியர் உடைந்திருக்கும், ஆக்ஸில் போயிருக்கும் என்றுதான் முதலில் மனம் பதறும். பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருக்காது. பென்சிலை விட மெல்லிய ஒரு குழாயில், விரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு விழுந்திருக்கும். சில ரூபாய் மதிப்புள்ள ரப்பர் துண்டு ஒன்றரை டன் வண்டியை நிறுத்திவைக்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பழுதைக் கண்டுபிடிப்பது பாதி முடிந்துவிடும். புரியாமல் இறங்கினால், நல்ல பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வேக்குவம் எதையும் இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்று தள்ளுகிறது. அந்தக் குழாய்களுக்குள் பொருள் எதுவும் ஓடி வேலை செய்வதில்லை. இரண்டு இடங்களுக்கு இடையிலான அழுத்த வித்தியாசம்தான் வேலை செய்கிறது. அதனால் பழுது தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: இந்த இடத்தில் வித்தியாசம் எவ்வளவு?

காற்றின் எடை

இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சும்போது நாம்தான் நீரை இழுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் செய்வது வாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. காயின் வாயில் உட்கார்ந்திருக்கும் காற்று, தன் எடையால் நீரை அழுத்தி ஸ்ட்ரா வழியாக மேலே ஏற்றிவிடுகிறது.

17-ஆம் நூற்றாண்டின் இத்தாலியில் கிணறு தோண்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் உறிஞ்சித் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியவில்லை. உறிஞ்சுவதுதான் தண்ணீரை ஏற்றுகிறது என்றால் இந்த எல்லை எதற்கு? 1640-களில் எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி, தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்தபோது விடை கிடைத்தது. பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. வெளியே இருக்கும் காற்று எவ்வளவு எடையைத் தாங்குமோ அவ்வளவு உயரம்தான் அது. அங்குலத்தில் சொன்னால் ஏறத்தாழ 30. இன்றும் அமெரிக்க ஒர்க்ஷாப்புகளில் வேக்குவத்தைப் பாதரச அங்குலத்தில்தான் சொல்கிறார்கள். டாரிசெல்லியின் குழாய் அப்படியே அவர்களுடைய கேஜில் உயிரோடு இருக்கிறது.

1648-இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் வேண்டுகோளை ஏற்று அவருடைய மைத்துனர் ஃப்ளோரின் பெரியே, பிரான்சின் புய் த தோம் மலை உச்சிக்குப் பாதரசக் குழாயைச் சுமந்து சென்றார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கி நின்றது. மேலே போகப் போகத் தலைக்கு மேலுள்ள காற்று குறைகிறது, அதனால் தள்ளும் வலிமையும் குறைகிறது. 1657-இல் மாக்டபர்க் நகரில் ஆட்டோ ஃபான் கெரிக், இரண்டு செப்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். பக்கத்துக்கு எட்டாகப் பூட்டிய குதிரைகள் அவற்றைப் பிரிக்கத் திணறின. அந்தக் கோளங்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது உள்ளே இருந்த வெறுமை அல்ல. வெளியே இருந்த காற்று.

எஞ்சினே பம்பு

பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது பிஸ்டன்கள் காற்றை இழுக்கப் பார்க்கின்றன. வழியில் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கிறது. அதனால் தட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கேஜ் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். 18 என்று வைத்துக்கொண்டால், வெளிக்காற்றின் அழுத்தத்தில் 60 விழுக்காடு உள்ளே இல்லை என்று பொருள்.

வண்டி வடிவமைப்பாளர்களுக்கு இது செலவில்லாமல் கிடைத்த சக்தி. பிரேக் பூஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டரின் டைமிங் அட்வான்ஸ், புகையைக் குறைக்கும் வால்வுகள், சில வண்டிகளில் ஹீட்டர் கதவுகள் என்று பலவற்றையும் மேனிஃபோல்டிலிருந்து கிளை பிரித்த குழாய்களால் இயக்கினார்கள். 1990 வரை ரேங்ளரில் வந்த 4.2 லிட்டர் கார்புரேட்டர் எஞ்சினின் பானெட்டைத் திறந்தால் இந்தக் குழாய்களின் காடே தெரியும். டீசல் எஞ்சினில் இப்படி மூடும் த்ராட்டில் தட்டு கிடையாது என்பதால் மேனிஃபோல்டில் வேக்குவம் கிடைக்காது. அதனால்தான் பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் தனியாக ஒரு வேக்குவம் பம்பைப் பொருத்தியிருக்கிறார்கள்.

எவ்வளவு வலிமை கிடைக்கும் என்று பார்ப்போம். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு டயஃப்ரம், அதாவது வளையும் சவ்வு. பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் 18 அங்குல வேக்குவம். வெளிக்காற்று அதைச் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். ஒரு இரும்பு வளையத்தை நகர்த்த இது தாராளம். குழாயில் கசிவு ஏற்பட்டு வித்தியாசம் 5 அங்குலமாகச் சுருங்கினால் விசை 5 கிலோவுக்கு இறங்கிவிடும். வளையம் பாதி வழியில் நின்றுவிடும், அல்லது நகரவே நகராது.

பாதியாக வெட்டிய ஆக்ஸில்

இந்த வளையம் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது?

சாதாரண சாலையில் டூவீலில் ஓடும்போது முன் ஆக்ஸிலின் கியர்களும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டும் வீணாகச் சுழன்றால் பெட்ரோல் செலவு, சத்தம், தேய்மானம். பழைய ஜீப்புகளில் ஓட்டுபவர் இறங்கிப் போய் முன்சக்கர ஹப்பைக் கையால் திருகிப் பூட்டவோ விடுவிக்கவோ வேண்டியிருந்தது. ஒய்ஜேயில் வேறு வழி செய்தார்கள். டானா 30 என்ற முன் ஆக்ஸிலின் வலப்பக்க ஷாஃப்டை இரண்டு துண்டாக்கி, இரண்டின் நுனியிலும் பல் வெட்டி, அவற்றின் மேல் நகரும் பல்வளையம் ஒன்றைப் பொருத்தினார்கள். வளையம் ஒரு துண்டின் மேல் மட்டும் நின்றால் ஷாஃப்ட் பிரிந்திருக்கும். நகர்ந்து இரண்டையும் கவ்வினால் ஒரே ஷாஃப்ட். வளையத்தை நகர்த்தும் முள்கரண்டி போன்ற இரும்பை அசைப்பது வேக்குவம் மோட்டார். பெயர்தான் மோட்டார்; உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை, டயஃப்ரம்தான் இருக்கிறது.

ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தால் போதுமா? போதும். டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம் எப்போதும் இடது, வலது ஷாஃப்டுகளின் வேகங்களின் சராசரியில்தான் சுழலும். வலது ஷாஃப்டின் உள்துண்டு தனியாக விடப்பட்டால், இடது சக்கரம் முன்னோக்கிச் சுழலும் அதே வேகத்தில் அது பின்னோக்கிச் சுழலும். இரண்டின் சராசரி பூஜ்யம். பெரிய சக்கரமும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஓய்வாக நிற்கின்றன. ஒரே ஒரு வளையத்தால் முன் அமைப்பு முழுவதையும் தூங்கவைக்கும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தமான பொறியியல்.

அதே கணிதம் பழுதின்போது எதிரியாகிறது. லீவரை 4-இல் போட்டு, வளையம் மட்டும் நகராமல் இருந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு எஞ்சினின் சக்தி வருகிறது, பெரிய சக்கரம் சுழல்கிறது. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமான திருப்புவிசையைத்தான் கொடுக்கும். வலது துண்டு எதையும் பிடிக்காமல் வெறுமனே சுற்றுகிறது. அங்கே எதிர்ப்பு இல்லை, எனவே திருப்புவிசையும் இல்லை. சமம் என்பதால் இடது சக்கரத்துக்கும் இல்லை. வலப்பக்கம் மட்டும் பிரிந்திருந்தும் இரண்டு முன்சக்கரங்களும் செத்துப்போவது இதனால்தான்.

கட்டளை போகும் பாதை

மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, ஒருவழி வால்வைக் கடந்து, எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் உள்ள வேக்குவம் ஸ்விட்சுக்கு வருகிறது. லீவர் 2-இல் இருந்தால் ஸ்விட்ச் அந்த வேக்குவத்தை டயஃப்ரத்தின் ஒரு பக்கத்துக்கு அனுப்பும். 4-இல் இருந்தால் மறுபக்கத்துக்கு. வளையம் முழுதாக நகர்ந்து முடிந்த பிறகுதான் மோட்டாரின் இன்னொரு வாய் வழியாக வேக்குவம் விளக்கு ஸ்விட்சுக்குப் போகும். லீவர் விழுந்ததை அல்ல, ஆக்ஸிலில் வேலை முடிந்ததைத்தான் அந்த விளக்கு அறிவிக்கிறது. ஆக, விளக்கு எரியாமலேயே முன்சக்கரங்கள் இழுத்தால் பழுது விளக்குப் பக்கம். விளக்கும் இல்லை, இழுப்பும் இல்லை என்றால் பழுது வேக்குவப் பாதையிலோ வளையத்திலோ இருக்கிறது.

ஒருவழி வால்வு எதற்கு? மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கிறோம். த்ராட்டில் தட்டு திறந்துவிடுகிறது, மேனிஃபோல்டு வேக்குவம் பூஜ்யத்தை நெருங்குகிறது. அந்த நேரத்தில் குழாய்க்குள் ஏற்கெனவே உண்டான வேக்குவம் திரும்பிப் போய்விடாமல் வால்வு அடைத்துக்கொள்ளும். ஜீப் செரோக்கியில் இதற்கென ஒரு சேமிப்பு உருண்டையே உண்டு. அந்த வண்டியில் மேடு ஏறும்போது முகத்துக்கு வந்துகொண்டிருந்த ஏசிக் காற்று திடீரென முன்கண்ணாடிக்குத் தாவினால், வால்வோ உருண்டையோ அவற்றின் குழாயோ கசிகிறது என்று சொல்லிவிடலாம். வேக்குவம் போய்விட்டால் ஸ்பிரிங்குகள் காற்றைக் கண்ணாடிக்கே திருப்பும்படி வேண்டுமென்றேதான் அமைத்திருக்கிறார்கள். எது கெட்டாலும் ஓட்டுபவருக்குச் சாலை தெரிய வேண்டும் என்ற அக்கறை அது.

ரப்பர் ஏன் சாகிறது

இந்த வண்டிகளில் மிக இளையதற்கே 30 வயது தாண்டிவிட்டது. எஞ்சின் அறையின் சூட்டில் அவ்வளவு காலம் கிடந்த ரப்பர் வெளியே கறுப்பாக, ஒழுங்காகத்தான் தெரியும். நுனியை மெல்ல மடக்கினால் வண்டவாளம் வெளிப்படும். நிப்பிளின் மேல் இழுத்துச் செருகப்பட்ட இடத்தில், குழாயின் நீளவாக்கில், நுணுக்கமான கீறல்கள் வரிசையாக வாய் திறக்கும்.

அங்கேயே ஏன் வெடிக்கிறது? இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன், அளவில் மிக அற்பமாக இருந்தாலும், அந்தப் பிணைப்புகளைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கிறது. ரப்பர் இழுபடாத இடத்தில் சேதம் மேற்பரப்போடு நின்றுவிடும். இழுபட்ட இடத்தில், அறுந்த சங்கிலிகள் விலகி, அடியில் புதிய ரப்பரைத் திறந்துகாட்ட, ஓசோன் இன்னும் உள்ளே போகிறது. கீறல்கள் எப்போதும் இழுவிசைக்குக் குறுக்காகவே விழும். நிப்பிள் குழாயைச் சுற்றளவில் விரிக்கிறது. எனவே கீறல் நீளவாக்கில்.

வெப்பம் இதையெல்லாம் விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் மூப்படையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிப்போன தோராயக் கணக்கு. ரப்பர் முழங்கைகளுக்கு இடையே ஓடும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய்களோ வெடிப்பதில்லை, நொறுங்குகின்றன. தொட்டாலே முறியும் அளவுக்கு நொய்ந்துபோயிருக்கும். அதனால் சோதிக்கிறேன் என்று குழாயை வெடுக்கென்று பிடுங்கினால், இருந்த பழுதோடு இன்னொன்றும் சேரும். பழைய குழாயைத் திருகித் தளர்த்திய பிறகே உருவ வேண்டும்.

புதிதாக என்ன போடுவது என்பதற்கும் வேதியியலே வழிகாட்டுகிறது. இபிடிஎம் ரப்பரிலும் சிலிகோனிலும் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஓசோனும் வெயிலும் அவற்றை அதிகம் பாதிக்காது. ஆனால் இபிடிஎம் எண்ணெயில் ஊறினால் வீங்கி இளகிவிடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், ஓசோனுக்குத் தோற்கும். எண்ணெய் படக்கூடிய இடமா, சூடு மட்டும்தானா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவர் மெல்லிய குழாய் வேண்டவே வேண்டாம். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று அதை நசுக்கித் தட்டையாக்கிவிடும். கசிவே இல்லாமல் பாதை அடைபடும்.

ஒலியின் வேகத்தில் ஒரு கசிவு

வேக்குவக் கசிவுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. துளையின் ஒரு பக்க அழுத்தம் மறுபக்கத்தின் 53 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால், துளையின் குறுகலான இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் உள்ளே எவ்வளவு வேக்குவம் கூடினாலும் துளை வழியே நுழையும் காற்றின் அளவு கூடாது. ஐடிலில் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றில் சுமார் 40 விழுக்காடுதான். ஆக, உங்கள் ஜீப்பின் விரிசலில் காற்று விநாடிக்கு 300 மீட்டருக்கு மேலான வேகத்தில் பாய்கிறது. பழைய எஞ்சின்களில் கேட்கும் அந்த 'உஸ்ஸ்' சத்தம் இதுதான்.

மேனிஃபோல்டு நிப்பிளிலிருந்து 3 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு குழாய் கழன்றுவிட்டால் விநாடிக்கு ஒரு கிராமுக்கு மேல் காற்று திருட்டுத்தனமாக உள்ளே வரும். 4.2 லிட்டர் எஞ்சினே ஐடிலில் விநாடிக்குச் சுமார் 4 கிராம்தான் சுவாசிக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் இந்தக் கூடுதல் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வராது. கலவை நீர்த்துப்போய் எஞ்சின் நடுங்கும், நின்றுவிடும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அதைப்போலப் பல மடங்கு காற்றை விழுங்கும்போது, அதே கசிவின் பங்கு கரைந்துபோகும். வண்டி வேகத்தில் நன்றாக ஓடி சிக்னலில் நின்றதும் திணறினால் வேக்குவக் கசிவைச் சந்தேகிக்கலாம் என்பது இதனால்தான்.

1991-இல் வந்த 4.0 லிட்டர் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அதே கசிவு வேறு முகத்தோடு வரும். அங்கே மேனிஃபோல்டு அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது. கசிவால் அழுத்தம் ஏறியதும் எஞ்சினுக்குச் சுமை கூடிவிட்டது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு பெட்ரோலையும் கூட்டுகிறது. நடுங்குவதற்குப் பதிலாக எஞ்சின் ஐடிலிலேயே வேகமாக ஓடும்.

கேஜைப் படிப்பது

மேனிஃபோல்டில் ஒரு வேக்குவம் கேஜை மாட்டி, எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் பாருங்கள். முள் 17-க்கும் 21-க்கும் இடையே ஆடாமல் நின்றால் எஞ்சினின் சுவாசம் சரி. ஆடாமல், ஆனால் தாழ்வாக நின்றால் கசிவு இருக்கலாம், அல்லது இக்னிஷன் டைமிங் தாமதமாகியிருக்கலாம். தாளம் தவறாமல் அவ்வப்போது முள் துடித்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஆக்சிலரேட்டரை 2,500 சுற்றில் பிடித்துவைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் சைலன்சர் பாதை அடைத்திருக்கக்கூடும்.

இங்கே பெரியேயின் மலையை மறக்கக் கூடாது. கேஜ் வேக்குவத்தைத் தனியாக அளப்பதில்லை. வெளிக்காற்றுக்கும் மேனிஃபோல்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் நல்ல எஞ்சினே 12 முதல் 16 வரைதான் காட்டும். அது தெரியாமல் கசிவு தேடினால் இல்லாத திருடனைத் தேடுவதாகிவிடும்.

பாதியாகப் பிரித்துத் தேடுவது

மேனிஃபோல்டு வேக்குவம் சரி, ஆனாலும் ஃபோர்வீல் விழவில்லை. இனி வரிசையாகக் குழாய்களைத் தடவிக்கொண்டு போவதை விடப் பாதையை நடுவில் வெட்டிப் பார்ப்பது மேல். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஸ்விட்சுக்கு வரும் குழாயைக் கழற்றி அங்கே கேஜை வையுங்கள். 18 இருந்தால் மேல்பாதி முழுவதும் குற்றமற்றது. இல்லையென்றால் கீழ்ப்பாதியை இப்போதைக்கு மறந்துவிடலாம். மிச்சமுள்ள பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். எட்டு இடங்களில் ஒன்றில் பழுது என்றால் மூன்றே சோதனையில் பிடித்துவிடலாம். பதினாறு என்றால் நான்கு. ஒவ்வொரு சோதனையும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும், இரண்டு பாகங்களை ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. இந்த ஒழுக்கம் ஆய்வகத்தில் எவ்வளவு முக்கியமோ பட்டறையிலும் அவ்வளவு முக்கியம்.

மோட்டாரைச் சோதிக்கக் கையால் அழுத்தும் வேக்குவம் பம்பு வேண்டும். மோட்டாரின் வாயில் அதை மாட்டி 15 அங்குலம் ஏற்றுங்கள். குறைந்தது 30 விநாடி இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. நின்றும் வளையம் நகரவில்லை என்றால் பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கலாம். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வலது சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். பல் பொருந்தியதும் வளையம் 'டொக்' என்று உட்காரும். லீவர் 4-இலும் வண்டி கியரிலும் இருக்கும்போது இப்போது வலது சக்கரத்தைத் திருப்பினால் இடது சக்கரம் எதிர்த்திசையில் திரும்பும். அப்படித் திரும்பினால் வளையம் கவ்வியிருக்கிறது. திரும்பாவிட்டால் கவ்வவில்லை.

மேனிஃபோல்டு பக்கம் கசிவு தேடும்போது சோப்புத் தண்ணீரை நம்ப வேண்டாம். டயர் பஞ்சரில் காற்று வெளியே வருவதால் குமிழ் எழும்புகிறது; இங்கே காற்று உள்ளே போகிறது, குமிழ் எழும்பாது. சிலர் எரியக்கூடிய கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து, எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். ஜீப்பின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் இது மிகவும் ஆபத்து. அதில் இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன் அடியில் ஒன்றாக இருக்கின்றன. மேலே தெளித்தது கீழே பழுக்கக் காய்ந்த இரும்பில் விழும். அதற்குப் பதில் வெறும் தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளிக்கலாம்; விரிசல் ஒரு கணம் அடைபட்டு எஞ்சின் ஓட்டம் மாறுவதே தடயம். எல்லாவற்றையும் விடச் சிறந்தது புகைச் சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைக் குழாய்க்குள் செலுத்தினால், உள்ளே போய்க்கொண்டிருந்த கசிவு இப்போது வெளியே வரும், கண்ணுக்கும் தெரியும்.

சிவப்பு எண்ணெய்

இந்த வண்டியில் கவனிக்க வேண்டிய ஒரு தடயம் இருக்கிறது. ஆக்ஸில் மோட்டாரிலிருந்து குழாயை உருவியதும் அதன் நுனியில் சிவப்பாக, வழவழப்பாக ஒரு துளி திரண்டு நிற்கலாம். வேக்குவக் குழாயில் காற்றைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. இந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? டிரான்ஸ்ஃபர் கேஸில் ஊற்றப்படும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலின் நிறம்தான் அந்தச் சிவப்பு. கேஸின் மேல் உட்கார்ந்திருக்கும் வேக்குவம் ஸ்விட்சின் சீல் தேய்ந்துவிட்டது. கேஸுக்குள் இருக்கும் காற்று எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது. கேஸின் மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், ஓட ஓடச் சூடாகும் காற்று வெளியேற வழியின்றி இன்னும் பலமாகத் தள்ளும்.

அந்தத் துளி முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. மோட்டாரை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் எண்ணெய் புது டயஃப்ரத்தையும் கெடுக்கும். முதலில் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும், அடுத்து ஸ்விட்சை மாற்ற வேண்டும், எண்ணெய் ஊறிய குழாய்களைத் தூக்கி எறிய வேண்டும், கடைசியாகத்தான் மோட்டார். கேஸில் குறைந்துபோன எண்ணெயையும் அளவு பார்த்து நிரப்ப வேண்டும்.

வேக்குவம் குற்றவாளி அல்லாத நேரங்கள்

ஃபோர்வீலில் காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டிவிட்டு லீவரை 2-க்கு மாற்றியும் விளக்கு அணையவில்லை என்றால் உடனே குழாயைக் கழற்ற வேண்டாம். திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறுவேறு தூரம் ஓடுகின்றன. பிடிப்புள்ள சாலையில் டயர் வழுக்கி அதைச் சரிசெய்ய முடியாததால் ஷாஃப்டுகள் முறுக்கேறிக்கொள்கின்றன. முறுக்கேறிய பற்களுக்கிடையே சிக்கிய வளையத்தை 17 கிலோ விசையால் நகர்த்த முடியாது. வண்டியைச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் முறுக்குத் தளர்ந்து வளையம் தானாக விலகும்.

பிரேக்கை மட்டும் எந்த நேரத்திலும் அலட்சியம் செய்யக் கூடாது. பிரேக் பூஸ்டரும் இதே மேனிஃபோல்டைத்தான் நம்பியிருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பல முறை மிதித்து, மிதித்தபடியே வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்கிறது. கல்லாக நின்றால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். ஃபோர்வீல் இல்லாமல் வீடு வந்து சேரலாம். பிரேக் இல்லாமல் முடியாது.

மாற்றுவதா, பழையபடி வைப்பதா

பலர் இந்த அமைப்பையே வெறுத்து, வேக்குவத்துக்குப் பதிலாகக் கையால் இழுக்கும் கேபிளைப் பொருத்துகிறார்கள். சிலர் வளையத்தை நிரந்தரமாகக் கவ்விய நிலையில் பூட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முன் அமைப்பு எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும். கொஞ்சம் தேய்மானம், கொஞ்சம் பெட்ரோல். தயாரிப்பாளர்களே செரோக்கியில் 1992-இலிருந்து இந்தப் பிரிக்கும் ஏற்பாட்டைக் கைவிட்டு முழு ஷாஃப்டுக்குப் போனார்கள். ஆனால் யோசனையில் தவறில்லை. 2018 மாடலாக வந்த ரேங்ளரில் அதே பிரிக்கும் ஆக்ஸில் திரும்பி வந்தது, இந்த முறை மின்சாரத்தால் இயங்குவதாக. தோற்றது குழாயும் ரப்பரும்தான். பாதியாக வெட்டிய ஆக்ஸில் அல்ல.

அசல் அமைப்பையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அது முற்றிலும் சாத்தியமான ஆசை. ஒவ்வொரு குழாயையும் கழற்றும் முன் இரு முனையிலும் அடையாளச் சீட்டு ஒட்டுங்கள். டயஃப்ரத்தின் இரண்டு பக்கக் குழாய்கள் இடம் மாறினால் வண்டி லீவர் சொல்வதற்கு நேர்மாறாக நடக்கும். எல்லாம் மாட்டியதும் ஃபோர்வீல் விளக்கு எரிந்துவிட்டதே என்று கதவைச் சாத்திவிட்டுப் போகக் கூடாது. 2-இலிருந்து 4-க்கும், 4-இலிருந்து 2-க்கும் இரு திசையிலும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வேறுவேறு குழாய்கள், டயஃப்ரத்தின் வேறுவேறு பக்கங்கள். ஐடிலில் ஒரு முறை, ஒரு மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடி இன்னொரு முறை சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஒருவழி வால்வின் உண்மையான பரீட்சை மேட்டில்தான். இந்த நான்கிலும் தேறிய வண்டியை நம்பி அடுத்த பனிக்காலத்துக்குள் தைரியமாக இறங்கலாம்.